ஓவியத்தை நம்பி வாழத் தொடங்குபவர்களுக்கு: முதல் வருடத்தில் செய்ய வேண்டியவை

ஓவியக் கல்லூரி முடித்து வருகிறவர்களும், இருந்த வேலையை விட்டுவிட்டு வரைய வந்தவர்களும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, மாசம் எவ்வளவு வரும்?" ஒரு மாதம் நாற்பதாயிரம் வரும், அடுத்த இரண்டு மாதம் கைக்கு ஒன்றும் வராது. இதுதான் இந்தத் தொழிலின் இயல்பு. அருமையாக வரைகிற பலர் இரண்டாம் வருடத்தில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க எந்த ஏற்பாடும் இல்லாமல் போனதே காரணம். அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். புத்தக அட்டை, சுவர் ஓவியம், உருவப்படம் என்று கேட்பவர்களுக்கு வரைந்து கொடுப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. சோறு போடும் வேலை எது என்று முடிவு செய்யுங்கள்

"பணத்துக்கு வரைந்தால் கலை கெட்டுவிடும்" என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய இடம் அது. அன்று நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் குறைவு. அதனால் மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளையும் மற்ற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். நிலம் வாங்கியதே அந்தப் பணத்தில்தான். ஆனந்த விகடனில் வரைந்து பெயர் பெற்ற கோபுலுவும் பிறகு விளம்பரத் துறைக்குப் போய் வேலை செய்தவர்தான்.

உங்களுக்கு அது என்ன? வார இறுதி ஓவிய வகுப்பா, பள்ளிச் சுவரா, பதிப்பக வேலையா? ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறில் கால் வைத்தால் எதிலும் உங்கள் பெயர் நிற்காது.

2. உங்கள் ஒரு நாளின் விலையைக் கணக்கிடுங்கள்

பக்கத்தில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று பார்த்து விலை சொல்லாதீர்கள். ஒரு தாளை எடுங்கள். வீட்டுச் செலவு 22,000, வண்ணம், காகிதம், இன்டர்நெட், போக்குவரத்துக்கு 5,000, சேமிப்பு 3,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 30,000.

இப்போது, மாதத்தில் எத்தனை நாள் காசு தரும் வேலை செய்ய முடியும்? இருபத்தைந்து என்று எழுதாதீர்கள். வேலை தேடுவது, போனில் பேசுவது, பணம் கேட்டு அலைவது, சொந்தமாக வரைவது எல்லாம் போக 12 நாள் மிஞ்சினால் நல்லது. 30,000ஐ 12ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 2,500. ஒரு நாவல் அட்டைக்குப் பிரதி படிக்க ஒரு நாள், வரைய இரண்டு நாள் என்றால் 7,500 ரூபாய்.

"எங்களால் நாலாயிரம்தான் முடியும்மா" என்பார்கள். சின்னப் பதிப்பகங்களுக்கு உண்மையிலேயே அவ்வளவுதான் முடியும், அவர்களோடு சண்டை வேண்டாம். வேலையைக் குறையுங்கள்: கருப்பு வெள்ளைக் கோட்டோவியம், ஒரே ஸ்கெட்ச், எழுத்து அமைப்பை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். அதே 7,500 ரூபாய் வேலையை நாலாயிரத்துக்குச் செய்து கொடுத்தால், அடுத்த அட்டைக்கும் அதுதான் உங்கள் விலை.

3. வரையத் தொடங்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்

முத்திரைத் தாள் தேவையில்லை. மின்னஞ்சலில் இப்படி அனுப்பினால் போதும்:

"வணக்கம் சார். நாவல் அட்டைக்கு 7,500 ரூபாய். பாதி முன்பணம் வந்ததும் தொடங்குவேன். பத்து நாளில் இரண்டு பென்சில் ஸ்கெட்ச் அனுப்புகிறேன், ஒன்றைத் தேர்வு செய்தால் அதை முடித்துத் தருவேன். இரண்டு முறை திருத்தம் இதில் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 750 ரூபாய். இந்தப் படத்தை இந்த நாவலின் தமிழ் அச்சுப் பதிப்பு அட்டைக்கும் அதன் விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம். பதிப்புரிமையும் மூல ஓவியமும் என்னிடம் இருக்கும். சம்மதம் என்றால் பதில் அனுப்புங்கள் சார்."

கடைசியில் வரும் பதிப்புரிமை வரியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். பொதுவாக வரைந்தவருக்கே பதிப்புரிமை. ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒரு விலக்கு சொல்கிறது: ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியமோ உருவப்படமோ ஆனால், வேறு உடன்பாடு இல்லாதவரை, முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். அதாவது நீங்கள் பேசாமல் இருந்தாலே உரிமை அவரிடம் போய்விடும். நாளைக்கு அதே படம் காலண்டரிலோ டீ-ஷர்ட்டிலோ வந்தால் கேட்க வழியிருக்காது.

உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டி வந்தால் எத்தனை வருடம், எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடுங்கள். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். "எல்லா உரிமையும், என்றென்றைக்கும்" என்று யாராவது தாள் நீட்டினால், விலையை அதற்கேற்ற மாதிரி பலமடங்கு சொல்லுங்கள்.

4. பணம் வாங்கும் முறை

முன்பணம் பாதி. சுவர் ஓவியமானால் பெயின்ட், சாரம் கட்டும் செலவு தனி, அது முழுவதும் முதலிலேயே வர வேண்டும். மீதிப் பணம் வரும்வரை பார்வைக்குச் சின்ன ஃபைல் மட்டும் அனுப்புங்கள், அச்சுக்குப் போகும் பெரிய ஃபைல் பணம் வந்த பிறகு. தெரிந்தவர், சொந்தக்காரர் எல்லாருக்கும் இதே முறை. ஆள் பார்த்து மாற்றினால்தான் மனக்கசப்பு வருகிறது.

ஓவிய வருமானத்துக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து, அதிலிருந்து மாதம் பிறந்ததும் உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல மாதத்திலும் அதே தொகைதான். மிச்சம் அங்கேயே கிடக்கட்டும், வேலை வராத மாதங்களை அதுதான் ஓட்டும்.

நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணம் என்று 10% டிடிஎஸ், அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே கழிக்கும் தொகை, பிடித்துக் கொடுக்கலாம். பான் எண் கொடுக்காவிட்டால் 20% போகும். பிடித்த பணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். உங்கள் வருமானத்துக்கு வரி வராது என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். ஜிஎஸ்டி பதிவு, சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்போது யோசிக்க வேண்டியது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவுத் தளமான உத்யமில் ஆதாரும் பானும் வைத்துக் குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. அப்படிப் பதிவு செய்தவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் வட்டி உண்டு. பில்லின் கீழே உத்யம் எண்ணைப் போடுங்கள். அதைப் பார்த்ததும் வேகமாக நகரும் அக்கவுன்ட்ஸ் பிரிவுகள் இருக்கின்றன.

5. வருடத்தைப் பார்த்து வேலை தேடுங்கள்

சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும். ஆகவே பதிப்பகங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவசரம். ஆகஸ்டிலேயே உங்கள் படங்களைக் காட்டியிருக்க வேண்டும். பள்ளிச் சுவர் வேலை ஜூன் திறப்புக்கு முன் முடியும், வகுப்புகள் ஏப்ரல், மே விடுமுறையில் நிரம்பும். கல்யாணப் பரிசு உருவப்படங்கள் முகூர்த்த மாதங்களில் வரும். ஆடியிலும் மார்கழியிலும் அந்தப் பக்கம் அமைதிதான். அந்த மாதங்களைச் சொந்த ஓவியத்துக்கு இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

6. சொந்த ஓவியத்துக்கு நேரம்

ஆடி மாதம் மட்டும் போதாது. காலை ஆறிலிருந்து எட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, யாரும் கேட்காத படத்தை வரையுங்கள். ஆர்டர் வேலை எவ்வளவு நெருக்கினாலும் இந்த இரண்டு மணி நேரத்தைத் தொடாதீர்கள். புதிய வேலை தருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்பது என் அனுபவம். பழைய ஆர்டர் வேலையை மட்டும் காட்டினால் அதே மாதிரி ஆர்டர்தான் மறுபடி வரும்.

சென்னையில் இருப்பவர்கள் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் போய்வாருங்கள். அங்கே படம் மாட்டியிருப்பவரிடமே ஃபிரேம் எங்கே போட்டார், எவ்வளவு ஆனது என்று கேட்கலாம். எல்லாரும் சொல்வார்கள்.

7. ஒரு பதிவேடு

நூறு பக்க நோட்டு போதும். ஒவ்வொரு மூல ஓவியம் முடிந்ததும் எண், தலைப்பு, அளவு, என்ன வண்ணம், என்ன தாள், வருடம் எழுதுங்கள். விற்றால் யாருக்கு, என்ன விலை, எந்தத் தேதி. கையெழுத்துப் போட்டு, பின்பக்கத்தில் அதே எண்ணைப் பென்சிலில் குறித்து, பகல் வெளிச்சத்தில் நேராக ஒரு போட்டோ எடுத்த பிறகே படத்தைக் கையிலிருந்து கொடுங்கள். பின்னாளில் யாராவது கண்காட்சிக்கோ புத்தகத்துக்கோ கேட்டால், அந்தப் படம் எந்த ஊரில் யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று இந்த நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.