ஆஸ்திரேலியால வேலை பாத்துக்கிட்டே படிக்கிறீங்களா? படிப்புச் செலவை டாக்ஸ்ல க்ளெய்ம் பண்றது எப்படி

ஜூலை மாசம் புது வரி வருஷம் ஆரம்பிச்சு டாக்ஸ் ஃபைல் பண்ற நேரம் வந்துட்டா போதும், ஷேர் ஹவுஸ்ல ஆளுக்கொரு கணக்கு சொல்லுவாங்க, ஃபீஸ் முழுசையும் போடு மச்சான் அள்ளிரலாம்னு ஒருத்தன், ஸ்டூடண்ட்டுக்கு ஒண்ணும் தேறாதுன்னு இன்னொருத்தன். ரெண்டு பேர் பேச்சையும் நம்பாதீங்க. நீங்க எந்த யூனில என்ன படிக்கிறீங்கன்னு ஏடிஓ (ஆஸ்திரேலிய வரி அலுவலகம்) பெருசா கண்டுக்காது, இப்ப பாக்கற வேலைக்கும் அந்தப் படிப்புக்கும் நேரடி சம்பந்தம் இருக்கான்னுதான் பாக்கும்.

அந்த சம்பந்தம்னா ஒண்ணு, இப்ப செய்யற வேலைக்குத் தேவையான திறமைய கோர்ஸ் வளர்க்கணும், இல்லன்னா இதே வேலைல சம்பளம் ஏற வழி பண்ணணும். படிச்சு முடிச்சிட்டு வேற வேலைக்குத் தாவறதுக்கான படிப்புன்னா கிடையாது. ஐடி ஹெல்ப்டெஸ்க்ல பார்ட் டைம் பாத்துக்கிட்டு மாஸ்டர் ஆஃப் ஐடி பண்றவங்க தாராளமா யோசிக்கலாம், அதே மாஸ்டர்ஸ் பண்ணிக்கிட்டு சூப்பர்மார்க்கெட் செக்அவுட்ல நிக்கறவங்க மறந்துடலாம். நம்ம ஆளுங்க நிறைய பேர் மாட்டறது ஏஜ்ட் கேர்லதான் (முதியோர் பராமரிப்பு), பர்சனல் கேர் வேலை பாத்துக்கிட்டே நர்சிங் டிகிரி படிக்கறது. ரெண்டும் ஒரே துறைதானேன்னு தோணும், ஆனா கேர் வேலைலேருந்து நர்ஸா மாறறது புது வேலைக்குப் போற மாதிரின்னு ஏடிஓ எடுத்துக்கும், அதனால முடியாது. வயித்தெரிச்சல்தான், என்ன பண்றது.

கோர்ஸ் முழுசா ஒத்து வரலன்னா சப்ஜெக்ட் சப்ஜெக்ட்டா பாருங்க, வேலைக்கு நேரா உதவற சப்ஜெக்ட் செலவை மட்டும் போடலாம். நடுவுல அந்த வேலைய விட்டுட்டீங்கன்னா அதுக்கப்புறம் ஆன படிப்புச் செலவு வராது. ரோல் மேட்ச் ஆகுதுன்னா மேனேஜர்கிட்ட உங்க வேலை என்ன, இந்தப் படிப்பு அதுக்கு எப்படி உதவுதுன்னு ஒரு லெட்டர் வாங்கி வெச்சிக்கங்க, கேள்வி வந்தா அதுதான் கை குடுக்கும்.

சரி, சம்பந்தம் இருக்கு. என்னென்ன போடலாம்? முழு ஃபீஸ் கட்டறவங்க ஃபீஸ் போடலாம். இங்க பிறந்து வளந்த பிள்ளைங்க அரசு மானிய சீட்ல, ஹெக்ஸ்ல (அந்த சீட்டுக்கான அரசு படிப்புக் கடன்) படிச்சா அந்த ஃபீஸ் வராது, மானியம் இல்லாத சீட்டுக்கான ஃபீ-ஹெல்ப் அரசுக் கடன்ல கட்டின ஃபீஸ் வரும், ஆனா எந்த அரசு படிப்புக் கடனா (ஹெல்ப் லோன்) இருந்தாலும் திருப்பிக் கட்டற தவணை வராது. இன்னொரு சிக்கல், செலவு பண்ணது நீங்களா இருக்கணும். ஊர்லேருந்து அப்பா நேரா யூனி அக்கவுண்ட்டுக்கு அனுப்பினத உங்க செலவுன்னு காட்ட முடியாது. கம்பெனி திருப்பிக் குடுத்த காசும் அப்படித்தான்.

முதல் 250 டாலரைக் கழிக்கணும்னு யாராவது சொன்னா அது பழைய கதை, 2022-23லேருந்து அந்த விதி இல்ல.

லேப்டாப் 300 டாலருக்கு மேலன்னா ஒரே வருஷத்துல மொத்தமும் போட முடியாது, ரெண்டு வருஷமா பிரிக்கணும். ஜூலை 1ஆம் தேதி 1,400க்கு வாங்கி 60 சதவீதம் இந்தப் படிப்புக்குன்னா, வருஷத்துக்கு 700, அதுல 60 சதவீதம் 420. மீதி நெட்ஃப்ளிக்ஸ் பாத்த கணக்கு. புத்தகம், பிரிண்ட்அவுட், இன்டர்நெட்ல படிப்புக்கான பங்கு இதெல்லாம் போடலாம்.

போக்குவரத்துலதான் நுணுக்கம் இருக்கு. வீட்லேருந்து யூனி போய் வீட்டுக்கே திரும்பினா ரெண்டு டிரிப்பும் வரும். உதாரணத்துக்கு மெல்போர்ன்ல, டாண்டினாங்ல வேலை முடிச்சிட்டு க்ளேட்டன் கேம்பஸ் போய் அங்கேருந்து வீட்டுக்கு வந்தா வேலை டூ யூனி மட்டும்தான், வீட்டுக்கு வர்ற பாதி போச்சு. வீடு, யூனி, வேலைன்னு போனாலும் முதல் பாதிதான். சொந்தக் கார்னா 2024-25லயும் 2025-26லயும் கிலோமீட்டருக்கு 88 சென்ட், அதிகபட்சம் 5,000 கிலோமீட்டர்.

இப்ப முக்கியமான விஷயம், 4,000 டாலர் க்ளெய்ம் பண்ணா 4,000 கைக்கு வராது, டாக்ஸ் போடற வருமானத்துலேருந்துதான் அது கழியும். 30,000 சம்பாதிச்சவருக்கு அந்த வருஷங்கள்ல 16 சதவீத வரி ஸ்லாப், அதனால இன்கம் டாக்ஸ்ல மிச்சம் 640தான். சம்பளத்துல பிடிச்ச டாக்ஸுக்கு மேல ஒரு சென்ட் கூட வராது, 18,200க்குள்ள சம்பாதிச்சா பிடிச்சது எப்படியும் திரும்ப வந்துரும், இந்த க்ளெய்முக்காக மெனக்கெட வேண்டாம்.

ஃபைல் பண்றது மைகவ் (அரசு ஆன்லைன் கணக்கு) வழியா ஏடிஓவோட மைடாக்ஸ்ல, ஜூலை 1 அன்னிக்கே ஓடாதீங்க, கம்பெனி அனுப்பற சம்பள விவரம் அதுல 'டாக்ஸ் ரெடி' ஆகட்டும். டிடக்ஷன் பகுதியில செல்ஃப் எஜுகேஷன்னு தனியா இருக்கும். மொத்த வேலைச் செலவு 300 டாலர் தாண்டினா பில் கட்டாயம், பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் பத்தாது, 5 வருஷம் வெச்சிருக்கணும், ஏடிஓ ஆப்ல ஃபோட்டோ எடுத்துப் போட்டுட்டா தெர்மல் பில் அழிஞ்சாலும் கவலையில்ல. கடைசி தேதி அக்டோபர் 31, டாக்ஸ் ஏஜென்ட் வழியான்னாலும் அதுக்குள்ள அவங்ககிட்ட பதிஞ்சிருக்கணும்.

ஸ்டூடண்ட் விசால மெடிகேர் (அரசு மருத்துவத் திட்டம்) இல்லாதவங்க, அதைக் கவனிக்கற சர்வீசஸ் ஆஸ்திரேலியாங்கற அரசுத் துறையில மெடிகேர் என்டைட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட் (உங்களுக்கு மெடிகேர் கிடையாதுங்கற சான்று) அப்ளை பண்ணுங்க, அந்தத் திட்டத்துக்கான 2 சதவீத மெடிகேர் லெவி கட்ட வேண்டியதில்ல, படிப்பு க்ளெய்ம் கிடைக்காத நிறைய பேருக்கு இதுலதான் காசு இருக்கு. போன வருஷம் விட்டுட்டீங்கன்னா ஏடிஓவோட அசெஸ்மென்ட் (வரிக் கணக்கு முடிவு) வந்ததுலேருந்து 2 வருஷத்துக்குள்ள மைடாக்ஸ்லயே திருத்திக்கலாம் (அமெண்ட்).