மூலிகையை கொம்பியூட்டரில டொக்கிங் செய்யேக்க விடக்கூடாத பிழையள்

டொக்கிங் எண்டா மூலிகையில இருக்கிற ஒரு மூலக்கூறு நோயோட சம்பந்தப்பட்ட புரதத்தில எப்பிடி, எவ்வளவு இறுக்கமா ஒட்டும் எண்டு கொம்பியூட்டரில கணிச்சுப் பாக்கிறது. லாப்டொப் ஒண்டு இருந்தா காணும், அதைச் செய்யிற வைனா எண்ட புரோகிராம் இலவசம், புரதத்தின்ர வடிவம் பிடிபி எண்ட இணையத் தரவுத்தளத்தில கிடைக்கும், மூலக்கூறு பப்கெம் எண்ட தரவுத்தளத்தில கிடைக்கும். அதால கைதடியில சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளையளும் திருநெல்வேலி கம்பசில கெமிஸ்ட்ரி செய்யிற ஆக்களும் புற்றுநோய் மாதிரி வருத்தங்களுக்கு மூலிகை டொக்கிங் செய்ய ஆசைப்படுறது நல்ல விசயம்தான், ஆனா சில பிழையள் முழு வேலையையும் கெடுத்துப்போடும்.

முதலாவது, ஸ்கோரை மட்டும் பாத்து ரேங்க் போடுறது. ஸ்கோர் எண்டா எவ்வளவு இறுக்கமா ஒட்டும் எண்டு வைனா கணிக்கிற எண், மைனஸில கூடக்கூட இறுக்கம் கூட எண்டு அர்த்தம். மைனஸ் 9.1 வந்தது மைனஸ் 8.6 வந்ததை விட நல்லதெண்டு எழுதாதேங்கோ, வைனா ஸ்கோரின்ர பிழையே 2 கிலோகலோரிக்கு மேல வரும். பெரிய மூலக்கூறுக்கு தொடுற இடம் கூட, அதால ஸ்கோரும் தானா ஏறும். முருங்கையிலையில இருக்கிற ரூட்டின் எண்ட மூலக்கூறைப் பாருங்கோ, மூலக்கூற்று எடை 610, சீனி ரெண்டு ஒட்டிக்கொண்டு நிக்குது, கனக்க புரதத்தில நல்ல ஸ்கோர் எடுக்கும். ஆனா வாயால எடுக்கிற மருந்துக்கு லிபின்ஸ்கி 1997ல சொன்ன விதியில மூலக்கூற்று எடைக்கு வைச்ச 500 எண்ட எல்லையைத் தாண்டிட்டுது, வாயால எடுத்தா அப்பிடியே ரத்தத்துக்குள்ள போறது சரியான குறைவு, குடலில இருக்கிற பக்டீரியா அந்த சீனியை வெட்டி குவெர்செட்டின் எண்ட வேறை மூலக்கூறு ஆக்கிப்போடும். அப்ப நீங்கள் டொக் செய்த சாமான் புற்றுநோய்க் கட்டிக்குப் போய்ச் சேருதோ எண்டு முதல் கேளுங்கோ.

கொன்ட்ரோல், அதாவது விடை முதலே தெரிஞ்ச ஒண்டை வைச்சு சரிபாக்கிறது, இல்லாமல் ஓட்டுறது அதை விட மோசம். ஈஜிஎஃப்ஆர் எண்ட புற்றுநோயோட சம்பந்தப்பட்ட புரதத்தை எடுத்தா அதோட ஒட்டிக்கொண்டே படிகமாக்கின எர்லோட்டினிப் எண்ட மருந்தை கழட்டி திரும்ப டொக் செய்து பாருங்கோ, பழைய இடத்தில இருந்து 2 ஆங்ஸ்ட்ரொமுக்குள்ள வந்து இருக்கவேணும். வராட்டி பெட்டி (புரதத்தில தேடச்சொல்லிக் குறிக்கிற பகுதி) வைச்ச இடமோ புரதத்தை ரெடி பண்ணின விதமோ பிழை, மூலிகைப் பக்கம் போகவே வேண்டாம்.

செடிச்சாறில என்னென்ன மூலக்கூறு இருக்கெண்டு காட்டிற ஜிசி எம்எஸ் ரிப்போர்ட்டில வந்த எல்லாத்தையும் அப்பிடியே எடுத்துப் போடாதேங்கோ. தாலேட் எண்டு முடியிற பேரொண்டு அதில இருந்தா கனதரம் அது பிளாஸ்டிக் போத்தலில இருந்தோ சொல்வென்ட்டில இருந்தோ வந்தது, செடியின்ர இல்லை. குர்குமின் மாதிரி கண்டதோட எல்லாம் ஒட்டி டெஸ்டையே ஏமாத்திற சாமானும் இருக்கு, அதுகளைப் பிடிக்கிற பெய்ன்ஸ் எண்ட ஃபில்டரை ஒருக்கா போட்டுப் பாருங்கோ.

பேந்து, உயிருள்ள புற்றுநோய்க் கலத்தில (செல்லில) பாக்காமல் "புற்றுநோய்க்கு மருந்து" எண்டு தலைப்பு வைக்காதேங்கோ. எங்கட முத்தத்தில நிக்கிற பட்டிப்பூவில (நித்தியகல்யாணி) இருந்துதான் வின்பிளாஸ்டின் எண்ட புற்றுநோய் மருந்து வந்தது, 1950களில கனடாவில நீரிழிவுக்கெண்டு இலைச்சாறை எலிக்குக் குடுத்துப் பாக்கேக்க வெள்ளை அணு குறைஞ்சதைக் கண்டவை, அதுக்குப் பிறகு பிரிச்செடுத்து அளவு பாத்து நாளத்தால ஏத்திற மருந்தாக்கினவை. அதே இலையை வீட்டில அவிச்சுக் குடிச்சா நஞ்சு. உங்கட ரிசல்ட் வாட்ஸ்அப்பில சுத்தினா தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரியில கீமோ எடுக்கிற ஆக்களின்ர கையிலயும் போகும். சில மூலிகையள் ஈரல் மருந்தை உடைக்கிற வேகத்தையே மாத்தும், டொக்டருக்குச் சொல்லாமல் எடுத்தா கீமோ ரத்தத்தில கூடியும் போகலாம், வேலை செய்யாமலும் போகலாம்.