வீட்டு பியருக்கு ஹாப்ஸ் தேர்ந்தெடுக்கும் முறை

புதிதாக வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்குபவர்கள், உறையில் அச்சிட்டிருக்கும் மாம்பழம், எலுமிச்சை, பைன் என்ற வருணனைகளைப் பார்த்தே, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸை வாங்குகிறார்கள். அந்த ஹாப்ஸ் எந்த வேலைக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். ஹாப்ஸ் கொடியின் பெண் பூவைப் பிரித்தால், இதழ்களின் அடியில் மஞ்சள் தூளாக லூபுலின் ஒட்டியிருக்கும். கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலங்களும், மணத்தைத் தரும் எண்ணெய்களும் அதில்தான் உள்ளன. ஆனால் ஆல்ஃபா அமிலம் கசப்பாக மாற நீண்ட கொதி தேவை. அதே கொதியில் மண எண்ணெய்கள் ஆவியாகிப் போய்விடும். ஆகவே, ஒரே தடவையில் போடும் ஹாப்ஸ் இரண்டு வேலையையும் நன்றாகச் செய்யாது.

கசப்புக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியது உறையில் உள்ள ஆல்ஃபா சதவீதம். ஒரு மணி நேரக் கொதியில் ஆல்ஃபா அமிலத்தின் ஏறத்தாழ கால் பங்குதான் பியரில் கசப்பாகத் தங்கும் என்று வைத்துக்கொண்டால், 20 லிட்டருக்கு 30 ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு) கசப்பு கிடைக்க 12 சதவீத ஆல்ஃபா உள்ள மேக்னம் என்ற ரகம் 20 கிராம் போதும், 3.5 சதவீதமே உள்ள சாஸ் ரகத்தில் அதே கசப்பைப் பெற ஏறக்குறைய 69 கிராம் கொட்ட வேண்டியிருக்கும். அவ்வளவு தழை, காய்ச்சிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றைக் கணிசமாக உறிஞ்சிக்கொள்வதோடு பச்சிலை வாடையையும் விட்டுச்செல்லும். விலை உயர்ந்த மண ரகமான சிட்ராவை ஒரு மணி நேரம் கொதிக்க விடுவதோ, பன்னீரை அடுப்பில் வைத்து வற்றவிடுவதற்குச் சமம். கசப்புக்கு மேக்னம் போன்ற, தன் வாசனையை முன்னிறுத்தாத ரகமே என் தேர்வு.

மணத்துக்கான ரகத்தை பியரின் வகை தீர்மானிக்கட்டும். செக் பில்ஸ்னருக்கு ஜாடெட்ஸ் வட்டாரத்தின் சாஸ். அதன் மெல்லிய மூலிகை, மிளகு வாசம் வெளிறிய மால்ட்டின் மேல்தான் தெரியும், வறுத்த மால்ட் நிறைந்த ஸ்டௌட்டில் இருந்த இடமே தெரியாது. ஆங்கிலேய பிட்டருக்கு ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் அல்லது ஃபகிள் பொருந்தும். அமெரிக்க பேல் ஏல் காய்ச்சுபவர்கள் 1972இல் வெளியான கேஸ்கேடில் தொடங்கலாம். பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறியது போன்ற அதன் மணம்தான் அந்த வகைக்கே அடையாளமாயிற்று. மொசைக், நெல்சன் சாவின் முதலியவை அருமையானவைதாம், ஆனால் நான்கைந்தை ஒன்றாகக் கலந்தால் எது எந்த மணத்தைத் தந்தது என்பது யாருக்கும் புலப்படாது. முதல் இரண்டு மூன்று தடவைகளுக்காவது மணத்துக்கு ஒரே ரகத்தைப் பயன்படுத்துவது நல்லது.

ரகத்துக்கு இணையாக முக்கியமானது புதுமை. அறுவடை ஆண்டைப் பாருங்கள். காற்றுப் புகாமல் அடைத்து, குளிரில் வைத்திருந்த உறையையே வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பெல்லட்டுகளை (ஹாப்ஸை அரைத்து அழுத்திய குளிகைகளை) உள்ளங்கையில் வைத்து, சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். பச்சையும் பிசுபிசுப்புமாக, மணம் குப்பென்று எழுந்தால் நல்ல சரக்கு; பழுப்பேறி, பழைய பாலாடைக்கட்டி நாற்றம் அடித்தால் மணத்துக்கு உதவாது. பிரித்த உறையில் மிஞ்சியதை, காற்றை வெளியேற்றி ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.

கேஸ்கேட் பேல் ஏலுக்கு 20 லிட்டருக்கான ஓர் அளவு: கொதியின் தொடக்கத்தில் மேக்னம் 20 கிராம், கடைசிப் பத்து நிமிடத்தில் கேஸ்கேட் 30 கிராம், அடுப்பை அணைத்ததும் இன்னொரு 30 கிராம். நொதிப்பு அடங்கிய பின் 40 கிராமை நேராகப் பியரில் போட்டு, மூன்று நான்கு நாளில் வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் ஊறினால் புல் வாடை தட்டும். வீட்டில் நாய் இருந்தால், வடித்த சக்கையை அதற்கு எட்டாத இடத்தில் கொட்டுங்கள். ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு, உயிரையே பறித்துவிடக் கூடும்.