காய்ச்சல் விட்ட அன்றே பள்ளிக்கு அனுப்பாதீர்கள்

காலை ஏழு மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. வேலைக்கும் போயாக வேண்டும். பாராசிட்டமால் சிரப் ஊற்றினால் ஒன்பது மணிக்குள் சூடு தணிந்துவிடும் என்று பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த மருந்து நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான் தாங்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உடம்பு மறுபடி கொதிக்கும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் ஒட்டியிருக்கலாம். சிரப் கொடுக்காமலேயே முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லையென்றால்தான் பள்ளி.

நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கக்கத்து வியர்வையைத் துடைத்துவிட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்து, சத்தம் வரும்வரை கையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். 99.5 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சல்தான்.

அதிகத் தவறு நடப்பது பாராசிட்டமால் சிரப்பில். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் விற்கிறது, 250 உள்ளதும் விற்கிறது. அளவை எடை பார்த்துக் கணக்கிட வேண்டும்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். அதாவது 250 பாட்டிலில் 6 மில்லி, 125 பாட்டிலில் 12 மில்லி. பக்கத்து வீட்டுப் பாட்டிலை வாங்கி வந்து வழக்கமான அளவை ஊற்றினால் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகிவிடும். அளவு மூடியில் கோடு பார்த்து ஊற்றுங்கள், சமையல் ஸ்பூன் வேண்டாம். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேரம் இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைதான் உச்சம். சில சளி சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். லேபிளைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இபுபுரோஃபென், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின் மூன்றையும் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. வந்திருப்பது டெங்குவாக இருந்தால் இவை ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

டெங்குவுக்கு நாம் கூடுதலாகவே பயப்பட வேண்டும். வடசென்னையில், வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தண்ணீரைப் பிடித்து டிரம்மிலும் குடத்திலும் வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. அந்த நல்ல தண்ணீரை ஒட்டித்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், கடிப்பதும் பகலில்தான். டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

டெங்குவில் ஏமாற்றுகிற நாள் காய்ச்சல் இறங்குகிற நாள். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு விடும், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதும் அப்போதுதான் தொடங்கும். சரியாகிவிட்டது என்று அம்மா சீருடை மாட்டிவிடுகிற காலை அதுவாக இருக்கலாம். சூடு விட்டதிலிருந்து இரண்டு நாள் பிள்ளை கண்ணெதிரே இருக்கட்டும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிடுவது, சுருண்டு படுத்துக்கொள்வது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று இருந்தாலும் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். 108 ஆம்புலன்ஸ் இலவசம். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ். பெரிய பாக்கெட் ஒன்றை முழுதாக 1 லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பாக்கெட்டில் பாதியைப் போட்டு டம்ளரில் குத்துமதிப்பாகக் கலக்கினால் உப்பு அளவு கெட்டு நிலைமை மோசமாகும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற ஜிங்க் மாத்திரையைப் போக்கு நின்றுவிட்டதென்று நிறுத்தாமல் 14 நாளும் கொடுங்கள். கடைசியாகப் போன நேரத்திலிருந்து ஒரு நாள் கழித்துப் பள்ளி.

அம்மை போட்டால் வேப்பிலை கட்டுங்கள், கும்பிடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கணக்கை வைத்துப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தெரிந்த நாளிலிருந்து ஐந்து நாள் லீவு.

மெட்ராஸ் ஐக்கு, கண்ணில் நீரும் பீளையும் நிற்கும்வரை வீடு. மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சில நோய்களில் கருவிழியே கெடும். பேனுக்கு லீவு தேவையில்லை, சிரங்குக்கு வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து பூசுங்கள். ஒருவரை விட்டாலும் திரும்ப வரும்.

வீசிங் உள்ள பிள்ளையின் பையில் இன்ஹேலரோடு ஸ்பேசரும் (இன்ஹேலரில் மாட்டுகிற குழாய்) வையுங்கள். ஸ்பேசர் இல்லாமல் அடித்தால் மருந்து பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள்.

பள்ளியில் இரண்டு போன் நம்பர் இருக்கட்டும். அப்பா காசிமேட்டில் மீன் ஏலத்தில் நிற்கும்போதோ அம்மா கம்பெனி ஷிஃப்டில் இருக்கும்போதோ போன் எடுக்க முடியாது. பத்து நிமிஷத்தில் நடந்து வந்து பிள்ளையைக் கூட்டிப் போகக்கூடிய அத்தை, பாட்டி, எதிர்வீட்டு அக்கா யாராவது ஒருவரின் நம்பர் இரண்டாவதாக இருந்தால் நல்லது. நம்பர் மாறினால் அன்றே சொல்லிவிடுங்கள்.