செப்டிக் ஷாக்கில் குழந்தை: சலைன் எவ்வளவு, எப்போது நிறுத்துவது

சின்ன ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்க்கும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இது. செப்டிக் ஷாக் என்றால் கிருமித் தொற்றால் உடலுறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போவது. பி.பி. இறங்கட்டும், அப்புறம் ஷாக் என்று சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். குழந்தையின் உடல் இதயத்தை வேகமாக ஓடவைத்து, கைகால் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, பி.பி.யைக் கடைசிவரை இழுத்துப் பிடிக்கும். அது இறங்கினால் நிலைமை கைமீறுகிறது என்று அர்த்தம். கணக்குக்கு, 1 முதல் 10 வயதுவரை பி.பி.யின் மேல் எண் (சிஸ்டாலிக்) குறைந்தது 70 கூட்டல் வயதைப் போல இரு மடங்கு, நிறைமாதப் பச்சிளங்குழந்தைக்கு 60. இதற்குக் கீழே போனால் தாமதமாகிவிட்டது.

அதனால் முதலில் கையை வையுங்கள். நெஞ்செலும்பின் மேல் 5 விநாடி அழுத்தி விரலை எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். பாதம் சில்லென்று இருக்கிறதா, கால் துடிப்பு மெலிந்திருக்கிறதா, பிள்ளை அம்மாவைப் பார்க்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது? சில பிள்ளைகளுக்குக் கைகால் சூடாக, துடிப்பு துள்ளிக்கொண்டு இருக்கும், அதுவும் ஷாக்காக இருக்கலாம், ஏமாந்துவிட வேண்டாம்.

ஆக்சிஜன் வையுங்கள். 5 நிமிடத்தில் நரம்பு கிடைக்கவில்லை என்றால் குத்திக்கொண்டே இருக்காமல் முழங்காலுக்குக் கீழே கால் எலும்புக்குள் ஊசி போடுங்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்குத் தொப்புள் நரம்பு இருக்கிறது. கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரத்தம் எடுத்து, சுகர் பாருங்கள், குறைவு என்றால் 10% டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மி.லி. ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும், கல்ச்சர் எடுக்க முடியவில்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி சலைன். இதில்தான் நம் ஆட்களின் கை தாராளமாக ஓடுகிறது. ரிங்கர் லாக்டேட் போன்றது நல்லது, கிலோவுக்கு 10 மி.லி., அதாவது 10 கிலோ பிள்ளைக்கு 100 மி.லி., 50 மி.லி. சிரிஞ்சில் 10-20 நிமிடத்தில் தள்ளுங்கள். தொடங்கும் முன்னால் கல்லீரல் எங்கே இருக்கிறது என்று பேனாவால் கோடு போடுங்கள். ஒவ்வொரு போலஸுக்கும் (இப்படி வேகமாகத் தள்ளும் ஒரு தவணை) பிறகு திரும்பப் பாருங்கள்: கோட்டைத் தாண்டிக் கல்லீரல் இறங்கினாலோ, நுரையீரலில் கரகரப்பு கேட்டாலோ, மூச்சு திணறினாலோ அத்தோடு நிறுத்துங்கள். ஐ.சி.யூ. இருந்தால் முதல் மணி நேரத்தில் மொத்தம் கிலோவுக்கு 40-60 மி.லி. வரை போகலாம். இல்லாத இடத்தில், பி.பி. இறங்கியிருந்தால் மட்டும் மொத்தம் கிலோவுக்கு அதிகபட்சம் 40 மி.லி., இறங்காவிட்டால் போலஸே வேண்டாம். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், போலஸ் கொடுத்தவர்களில் 48 மணி நேரத்துக்குள் சுமார் 10.5% இறந்தார்கள், கொடுக்காதவர்களில் 7.3%. வென்டிலேட்டர் கிடைக்காத இடங்கள் அவை. கடும் ரத்தசோகை, ஊட்டச்சத்துக் குறைவு உள்ள பிள்ளைகளிடம் இன்னும் நிதானம் வேண்டும். (டெங்கு ஷாக்கின் கணக்கு வேறு, இதோடு கலக்காதீர்கள்.)

சலைனுக்கு மசியவில்லையா, இதயத்தையும் பி.பி.யையும் தூக்கும் அட்ரினலின் தொடங்குங்கள். சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகே பெரிய நரம்பில் போடும் குழாய்) வரட்டும் என்று நிற்க வேண்டாம், நல்ல கை நரம்பிலேயே ஆரம்பிக்கலாம், ஊசி போட்ட இடம் வெளுக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள். எளிய கணக்கு: எடையை 0.3ஆல் பெருக்கி, அத்தனை மில்லிகிராமை மொத்தம் 50 மி.லி. ஆக்கினால், பம்பில் மணிக்கு 1 மி.லி. என்பது கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். பாதியில் தொடங்கி ஏற்றுங்கள். கைகால் சூடான ஷாக்குக்கு நார்அட்ரினலின்.

பச்சிளங்குழந்தையிடம் இன்னொரு சந்தேகம் எப்போதும் இருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் ஷாக்கோடு வந்து, தொடைத் துடிப்பு கிடைக்காமல், அல்லது ஆக்சிஜன் வைத்தும் நீலம் மாறாமல் இருந்தால் அது பிறவி இதயக் கோளாறாக இருக்கலாம். எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) காத்திராமல், பிறப்புக்கு முந்தைய இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் புராஸ்டாகிளாண்டின் மருந்தைத் தொடங்குவதுதான் பாதுகாப்பு, மூச்சு நின்றுபோகக்கூடும் என்பதால் பையும் மாஸ்க்கும் பக்கத்தில் இருக்கட்டும். குறைமாதக் குழந்தைக்கு வேகமாகத் தள்ளினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம், அதனால் கிலோவுக்கு 10 மி.லி.யை 30 நிமிடமாவது இழுத்துக் கொடுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அனுப்புங்கள், எத்தனை மி.லி. போனது, எந்த ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதி, அங்கே முன்கூட்டியே போன் செய்துவிட்டு.