பெரிய மாலைமாற்று எண்களும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

பெங்களூரு அல்சூரில், ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மாடியில் கணிதம் படிக்கக் கூடும் தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவர், சென்ற வாரம் 12345678987654321 என்ற எண்ணைக் கணினியின் கணக்குத்தாளில் (ஸ்ப்ரெட்ஷீட்டில்) இட்டார். ‘விகடகவி’ போல இருபுறமும் ஒன்றாகவே படிக்கத்தக்க அந்த மாலைமாற்று எண், தாளில் 12345678987654300 என்று மாறியிருந்ததைக் கவனியாமல், அது 100-ஆல் வகுபடுகிறது என்று என்னிடம் காட்டினார். கணக்குத்தாள் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். எஞ்சியவற்றை ஓசையின்றிச் சுழியாக்கிவிடும்.

அழகிய வரிசை தொடரும் என்று நம்புதல்

மேற்சொன்ன எண், ஒன்பது ஒன்றுகளாலான 111111111-இன் வர்க்கம். பத்து ஒன்றுகளின் வர்க்கமோ 1234567900987654321. நடு இடத்தில் 10 சேர்ந்து இடப்புறம் ஏறிவிடுவதால் சமச்சீர் குலைந்துவிடுகிறது.

இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையான மாலைமாற்று எண்களில் பகா எண் தேடுதல்

11 ஒன்றைத் தவிர வேறு கிடைக்காது.

கணினி காட்டும் சுழியை ஆராயாமல் ஏற்றல்

இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மாணவப் பருவத்தில், ஒவ்வொரு நீளத்திலும் முதல் பத்தாயிரம் மாலைமாற்று எண்களை எடுத்து, அவற்றுள் பகா எண்கள் எத்தனை என்று எண்ண ஒரு நிரல் எழுதினேன். 15 இலக்கம் வரை விடை சரியாகவே வந்தது. 16 இலக்கங்களில் ஒன்றுகூட இல்லை. அதுவும் சரியே, ஏனெனில் இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்போது, 11-இன் வகுபடு விதிப்படி ஒவ்வோர் இலக்கமும் அதன் இணையும் மாற்றுக் குறிகளோடு (+, −) கூட்டப்பட்டு ஒன்றையொன்று நீக்கிவிடுவதால், எண் 11-ஆல் வகுபட்டே தீரும். 17 இலக்கங்களிலும் சுழியே வந்தபோது, அதற்கும் இப்படியொரு காரணம் இருக்கும் என்று எண்ணி, அதை நிரூபிக்க இரண்டு வாரங்களைச் செலவிட்டேன்.

காரணம் கணிதத்தில் இல்லை. என் நிரல் எண்களை ‘டபுள்’ என்ற, தசம எண்களுக்கான கணினி வகையில் வைத்தது. அவ்வகை எண்ணுக்கு 53 பிட் (இரும இலக்கத்) துல்லியம்தான் உண்டு என்பதால், 9007199254740992-ஐத் தாண்டியதும் ஒற்றைப்படை எண் எதையும் அதில் வைக்க இயலாது; 17 இலக்க எண்கள் அனைத்தும் இந்த எல்லைக்கு மேற்பட்டவை. 10000000000000001 என்று நான் தந்த எண் 10000000000000000 ஆகிவிட, நிரல் அதை 2-ஆல் வகுத்துத் தள்ளிவிட்டது. உண்மையான எண்ணும் பகா எண் அன்று. ஆனால் அதை வகுப்பது 353, 449, 641, 1409, 69857 ஆகியவையே. இப்படிச் சரியான விடையும் பிழையான காரணமும் சேர்ந்து வருவதுதான் மிகவும் ஆபத்தானது.

பைத்தான் என்ற நிரல்மொழியில் முழு எண்களுக்கு இத்தகைய அளவு வரம்பு இல்லை. ஆயினும் ஒற்றைச் சாய்கோட்டால் (/) வகுத்தால் விடை மீண்டும் ‘டபுள்’ ஆகிவிடும். ஆகவே இரட்டைச் சாய்கோட்டையே (//) பயன்படுத்துங்கள். வர்க்கமூலத்தையும் முழு எண்களுக்குரிய சார்பைக் கொண்டே காணுங்கள். பெரிய பகா எண்களைத் தேடிய ஹார்வி டப்னர் கண்டறிந்த 1000000000000066600000000000001 என்ற 31 இலக்கப் பகா எண்ணை உங்கள் நிரலுக்குத் தந்து பாருங்கள். அது 2-ஆல் வகுபடுகிறது என்று விடை வந்தால், முந்தைய முடிவுகள் அனைத்தையும் மீண்டும் சரிபாருங்கள்.

196

இந்த எண்ணின் இலக்கங்களைத் திருப்பி எழுதி அதனோடு கூட்டி, வரும் விடையையும் அவ்வாறே கூட்டிக்கொண்டே சென்றால் மாலைமாற்று எண் ஒருபோதும் வராது என்று எழுதாதீர்கள். அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.