நாலாம் வகுப்புக்குக் குளிர்காலம்: பஞ்சு பொம்மை இல்லாமல்

டிசம்பர் வந்தால் பஞ்சை உருட்டி, கேரட் மூக்கு வைத்துப் பனிமனிதன் செய்யும் வழக்கம் நம் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குளிர்காலம் மல்லிகைத் தோட்டத்திலும் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலும் இருக்கிறது. நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு நான் செய்வதைச் சொல்கிறேன். செலவு அநேகமாக இல்லை.

நிழலில் தொடங்குங்கள். ஆண்டிலேயே மதிய நிழல் மிக நீளமாக விழுவது டிசம்பர் 21, 22இல். அது அரையாண்டுத் தேர்வு நேரம், யாருக்கும் கை ஓயாது. அதனால் கார்த்திகை முடிவதற்குள் குச்சியை நட்டுவிட வேண்டும். தரைக்கு மேல் சரியாக 1 மீட்டர் நிற்கட்டும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி சாயாமல் நிற்கிறதா என்று பிள்ளைகளே பார்க்கட்டும். 12 மணி முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் சுண்ணாம்புப் புள்ளி. அன்றைய மிகக் குட்டையான நிழல் சரியாக 12 மணிக்கு விழாது, டிசம்பர் கடைசியில் 12.20ஐ ஒட்டித்தான் விழும். நம் கடிகாரம் பிரயாக்ராஜ் (பழைய அலகாபாத்) பக்கத்துத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, நாமோ அதற்கு மேற்கே இருக்கிறோம். இதைக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் டிசம்பர் கடைசியில் நிழல் சுமார் 66 சென்டிமீட்டர். பொங்கலுக்கு 61. மார்ச் 21 வாக்கில் 18தான் இருக்கும். சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் குச்சிக்கு நிழலே இருக்காது. அப்போது பள்ளி விடுமுறை என்றால் வீட்டு வாசலில் பார்க்கச் சொல்லலாம். வாரம் ஒரு அளவு எடுத்துச் சுவரில் ஒட்டிய தாளில் கோடு போட்டு வந்தால் போதும்.

நிழல் நீளும்போது ஏன் குளிர்கிறது என்று கேட்பார்கள். கட்டம் போட்ட தாளில் டார்ச்சை நேராக அடியுங்கள், அப்புறம் அதே உயரத்தில் சாய்த்து அடியுங்கள். எத்தனை கட்டங்களில் வெளிச்சம் விழுகிறது என்று எண்ணட்டும். சாய்ந்த வெளிச்சம் அதிகக் கட்டங்களில் பரவுகிறது, அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கும் சூடு குறைகிறது. “சூரியன் தூரமாகப் போயிடுச்சு டீச்சர்” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகே, சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலையில் 15.2 கோடி. கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைகளிடம், டிசம்பர் 26இல் மெல்போர்னில் நடக்கும் டெஸ்ட்டில் ஆட்டக்காரர்கள் ஏன் முகத்தில் வெயில் கிரீம் பூசியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பூமியின் 23.5 டிகிரி சாய்வைப் பற்றி அதன் பிறகு பேசினால் புரிகிறது.

எண்ணெய்ச் சோதனை வீட்டில் செய்வது. சின்னக் கண்ணாடி பாட்டில்களில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய். ராத்திரி ஜன்னலோரம் வைத்துவிட்டு, காலையில் எது உறைந்தது என்று எழுதி வர வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும், மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். செக்கில் ஆட்டிய எண்ணெயாக இருக்கட்டும். வேறு எண்ணெய் கலந்த தலை எண்ணெய்கள் சில உறையாமல் காலை வாரிவிடும். அடுப்படியில் ஒன்று, ஜன்னலில் ஒன்று என்று வைத்தால் வீட்டுக்குள்ளேயே குளிர் வேறுபடுவதும் தெரியும்.

பனித்துளிக்கு இரண்டு எவர்சில்வர் தட்டுகள் போதும், ஒன்று திறந்த வெளியில், ஒன்று மரத்தடியில். வெளியில் வைத்த தட்டுதான் அதிகம் நனைந்திருக்கும். தட்டின் சூடு வானத்தைப் பார்த்து வெளியேறிவிடுகிறது, மரம் போர்வை மாதிரி அதைத் தடுக்கிறது. மேகம் மூடிய ராத்திரியிலும் இதே கதைதான், பனி இறங்காது. இருட்டில் பிள்ளைகளைப் புல்லுக்குள் அனுப்ப வேண்டாம், பாம்பு இருக்கும். இழுப்பு உள்ள பிள்ளைகள் விடிந்த பிறகு பார்த்தால் போதும்.

பறவைக்குத் தனி வகுப்பு தேவையில்லை. மைதானத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டியையும், கரண்ட் கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலானையும் காட்டி, இவை வடக்கே இருந்து வந்த விருந்தாளிகள் என்று சொன்னால் பிள்ளைகளே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது மல்லிகைக் கணக்கு. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பூப் பறிப்பார்கள். மார்கழிப் பனியில் மொட்டு குறையும். தை முகூர்த்தமும் சேர்ந்துகொள்ள, விலை எங்கேயோ போகும். கார்த்திகையிலிருந்து மாசி வரை வாரம் ஒரு நாள், அன்று எத்தனை கிலோ பறித்தார்கள், சந்தையில் என்ன விலை போனது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். தோட்டம் இல்லாத பிள்ளைகள் பூக்கார அக்காவிடம் முழம் விலை கேட்கட்டும். அப்புறம் கரும்பலகையில் ஒரு கணக்கு: கிலோ 200 ரூபாய்க்கு 10 கிலோ விற்ற தோட்டத்தில், குளிரில் 1 கிலோதான் கிடைத்தது, விலை 1,500. வீட்டுக்கு லாபமா நட்டமா? விலை ஏறினால் லாபம் என்று கை தூக்குகிறவர்கள் இருப்பார்கள். விடையைச் சொல்லாமல் பெருக்கிப் பார்க்க விடுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பெருக்காமலேயே சொல்லிவிடுவார்கள்.